மேடைக்கு வரும் அரக்கன்: பழைய திகில் படத்தை இசை நாடகமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரைப் பக்கம் நாடகக் குழு வைத்திருப்பவர்களிடமும் கல்லூரி நாடக மன்றப் பிள்ளைகளிடமும் இப்போது ஓர் ஆசை தெரிகிறது. பழைய கறுப்பு வெள்ளைத் திகில் படம் ஒன்றை எடுத்து, ஆர்மோனியம், மிருதங்கம் வைத்து, பாட்டோடு மேடையேற்ற வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் பெரும்பாலும் வேலை முகமூடியில்தான் தொடங்குகிறது. அரக்கனின் தலையை எதில் செய்வது, எத்தனை அடி வைப்பது, கண்ணுக்குள் பல்பு போடலாமா என்று பேசிப் பேசியே பாதிப் பணம் தீர்ந்துவிடுகிறது. பாட்டு கடைசி வாரத்தில் அவசரமாகக் கட்டப்படுகிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. சினிமாவில் அரக்கனைச் செய்தது கேமரா. மேடையில் அவனைச் செய்ய வேண்டியது இசையும், அவனைப் பார்க்கும் மற்ற நடிகர்களின் உடம்பும். முகமூடி கடைசி வேலை.

உதாரணத்துக்கு 1931-ல் வந்த ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ படத்தையே நெடுகப் பிடித்துக்கொள்கிறேன். ஜேம்ஸ் வேல் இயக்கியது. விஞ்ஞானி ஒருவன் பிணத் துண்டுகளை ஒட்டிச் செய்து உயிர் கொடுத்த உருவம் ஊரையே கலங்கடிக்கிற கதை. அந்த உருவமாக நடித்தவர் போரிஸ் கார்லாஃப். உருவம் மனித அளவுதான் என்பதால் சிறிய குழுவுக்குக் கட்டுப்படியாகும். கல்யாண வீடு, நீர்க்கரை, குழந்தை, தீப்பந்தத்தோடு துரத்தும் ஊர் என்று நம் மேடைக்குப் பழகிய களங்களே அதில் வருகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. டைட்டில் இசையும் ஊர்க் கொண்டாட்டத்தில் வரும் இசையும் போக, அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. நாம் நிரப்ப வேண்டிய இடம் முழுக்கக் காலியாக இருக்கிறது.

1. உரிமையை முதலில் பாருங்கள்

இந்தப் படத்துக்கு மூலமான மேரி ஷெல்லியின் நாவல் 1818-ல் வந்தது. அவர் இறந்தது 1851-ல். அந்தக் கதையை யாரும் எடுத்தாளலாம். படம் வேறு விஷயம். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். கதை, வசனம், பாட்டு, இசைக்கோ எழுதியவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும். படம் பழையது என்பதற்காக அதிலுள்ள எல்லாமே பொதுச்சொத்து ஆகிவிடாது.

தட்டையான தலை, கழுத்தில் போல்ட்டு என்று உலகமே அறிந்த அந்த முகம் ஜேக் பியர்ஸ் செய்த ஒப்பனை. அதன் மீது தயாரிப்பு நிறுவனம் இன்றும் உரிமை கொண்டாடுகிறது. அதைத் தொடவே வேண்டாம். நாவலில் உள்ள வர்ணனை அதைவிட மேடைக்கு வசதி: சுமார் எட்டடி உயரம், அடியில் ஓடும் நரம்பு தெரிகிற மஞ்சள் தோல், பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப் பல். அழகாக்க நினைத்துச் செய்த உருவம் கோரமாகிப் போனது என்பதே அதன் சோகம். கதையை நாவலிலிருந்து எடுங்கள். எப்படிப் பயமுறுத்துவது என்ற பாடத்தை மட்டும் படத்திலிருந்து எடுங்கள். கிங் காங், காட்ஜில்லா மாதிரி உருவங்களுக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் இறங்கக் கூடாது.

மெட்டு விஷயத்திலும் கவனம் தேவை. சினிமா மெட்டில் வரி மாற்றிப் பாடுவது, கலைஞர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து ஊர்த் திருவிழாவில் போடுகிற ஸ்பெஷல் நாடகத்தில் சகஜம். ஊர்த் திருவிழாவில் யாரும் கேட்க மாட்டார்கள். அதே நாடகத்தை யூடியூபில் ஏற்றும்போது கேட்பார்கள். சொந்த மெட்டு போடுங்கள்.

2. கேமரா செய்த வேலையை எழுதி எடுங்கள்

படத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்புறம் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். பயம் வருகிற ஒவ்வோர் இடத்திலும், அந்தப் பயத்தைச் செய்தது எது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: கேமராவா, வெட்டா, வெளிச்சமா, நடிகரா, எதிரே நிற்பவரின் முகமா?

கார்லாஃப் முதலில் வரும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கதவு திறக்கும். அவர் முதுகைக் காட்டியபடி உள்ளே வருவார். மெல்லத் திரும்புவார். கேமரா ஒரு தாவலில் முகத்துக்கு அருகே போகும். இன்னொரு தாவலில் இன்னும் அருகே. இதில் முதுகைக் காட்டி வருவதும் மெல்லத் திரும்புவதும் நடிகர் செய்தவை. அவை மேடைக்கு அப்படியே வரும். தாவல் வராது. கடைசி வரிசையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்கு முகமே தெரியாது. ஆகவே முகத்துக்குப் பதில் காதைப் பிடிக்க வேண்டும். அவர் திரும்பும் வரை எல்லா வாத்தியமும் நிற்கட்டும். திரும்பியதும் மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கத்தில், ஒரே ஒரு அடி. சற்று விட்டு இன்னொன்று. இரண்டு தாவலுக்கு இரண்டு அடி.

தெருக்கூத்தில் இன்னொரு வழி இருக்கிறது. இரண்டு பேர் கையால் பிடித்த திரைக்குப் பின்னால் வேஷக்காரர் வந்து நிற்பார். கிரீடம் மேலே தெரியும், சலங்கைக் கால் கீழே தெரியும், நடுவில் உள்ளதைப் பார்க்க சபை தவிக்கும். இந்தக் கைத்திரையை அரக்கனின் வருகைக்குத் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

அடுத்தவர் முகம் என்றேனே, அதற்கு நம் ஊர்ப் பாடம் ‘வள்ளி திருமணம்’. வள்ளியைப் பயமுறுத்த விநாயகர் யானையாக வரும் இடம். யானை எப்படி இருந்தாலும் சபை பார்ப்பது வள்ளியைத்தான். அவள் ஓடுகிற ஓட்டமும் மிருதங்கம் போடுகிற நடையும் யானையின் அளவைச் சொல்லிவிடும். நல்ல ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷ) நடிகை ஒருவர் பயந்தால் போதும், வெறும் இருட்டுக்குள்கூட யானை நிற்கும். ஒத்திகையில் முதலில் பயிற்சி கொடுக்க வேண்டியது பயப்படுகிறவர்களுக்கு. அரக்கனாக நடிப்பவர் இல்லாமலே அவர்கள் பயந்து பழக வேண்டும்.

பிரம்மாண்டமான உருவம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. 1933 ‘கிங் காங்’ படத்தில் வானளாவ நின்ற குரங்கு பெரும்பாலான காட்சிகளில் ஒன்றரை அடி பொம்மை. அசைத்து அசைத்துப் படமெடுத்தார்கள். அதே கதை 2013-ல் மெல்பர்னிலும் 2018-ல் நியூயார்க் பிராட்வேயிலும் இசை நாடகமானபோது சுமார் 20 அடி உயரத்தில், கிட்டத்தட்ட ஒரு டன் எடையில் பொம்மை செய்தார்கள். மேடையிலேயே பத்துப் பேர் போல நின்று அதை இயக்கினார்கள். பொம்மையை எல்லோரும் கொண்டாடினார்கள். அமெரிக்க நாடக உலகின் டோனி விருதும் சிறப்பு விருதாகக் கிடைத்தது. பாட்டும் கதையும் அந்த அளவுக்கு நிற்கவில்லை. 2019 ஆகஸ்டில் நியூயார்க்கில் அதை நிறுத்திவிட்டார்கள். நம் கையிலோ மலைகள் இருக்கின்றன. மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் பாம்பும் பசுவும்தான் யானைமலை, நாகமலை, பசுமலை என்று திருவிளையாடல் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஒத்தக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த யானையைப் பார்க்கிற சபைக்கு ஒரு பாதத்தையும் ஒரு நிழலையும் காட்டினால் மீதியை அவர்களே கட்டிக்கொள்வார்கள்.

3. அரக்கன் பாடுவானா?

இதை முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான்.

இசை நாடகத்தில் பாடுகிறவருக்கு மனசு இருக்கிறது என்று சபை எடுத்துக்கொள்ளும். பாடாமல் நிற்பவர் புதிராகவே இருப்பார். திகில் படத்து உருவத்தின் பலமே அவன் மனசு நமக்குத் தெரியாமல் இருப்பது. அவன் வந்தவுடன் விருத்தம் பாடி, “நான் தனியன்” என்று ஒப்பித்துவிட்டால் பயம் அங்கேயே கரைந்துவிடும். கடைசி வரை பாடாமலே வைத்தாலோ, இசை நாடகத்தின் நடுவில் இசை இல்லாத ஒருவன் வெறும் பொருளாக நிற்பான்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. நாவல் வந்த ஐந்தே ஆண்டில், 1823-ல், லண்டனில் அதைப் பாட்டுகள் கலந்த நாடகமாகப் போட்டார்கள். அதில் எல்லோரும் பாட, அந்த உருவம் மட்டும் பேசாது. ஆனால் புல்லாங்குழல் ஓசை கேட்டதும் அதைக் கையால் பிடிக்கப் பார்க்கும். படத்திலும் 1931-ல் வாய் திறக்காதவன் 1935-ல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் பேசினான். அவனைப் பேச வைப்பதில் கார்லாஃபுக்கே சம்மதமில்லை. அதிலும் அவனை இழுப்பது ஒரு கண் தெரியாத முதியவரின் வயலின். இரண்டிலும், பேசத் தெரியாதவனுக்குக் கேட்கத் தெரிகிறது.

இன்னொரு வழி 1960-ல் வந்த ஒரு சின்னப் படத்திலிருந்து 1982-ல் நியூயார்க்கில் உருவான ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’. ஆளை விழுங்கும் செடி அதில் நன்றாகவே பாடும். செடிக்குள் ஒருவர் இருந்து ஆட்டுவார். குரல் இன்னொருவருடையது, மறைவிலிருந்து வரும். உடம்பையும் குரலையும் பிரித்ததுதான் அங்கே செய்த காரியம்.

நமக்கு இதில் தயக்கமே வேண்டியதில்லை. பாடும் அரக்கனை மதுரை நன்றாக அறியும். சித்திரைத் திருவிழாவின் மூன்றாம் நாள் சுவாமி கைலாச பர்வத வாகனத்தில் வருகிறார். மலைக்கு அடியில் நசுங்கிய இராவணன் தன் நரம்பையே மீட்டிச் சாமகானம் பாடிய கதை அது. அங்கேயும் கர்வத்தோடு மலையைத் தூக்கும்போது அவன் பாடவில்லை. நசுங்கிய பிறகுதான் பாடுகிறான்.

என் பரிந்துரை இது. அரக்கனுக்குப் பின்பாட்டு வையுங்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்தில் சபைக்குத் தெரியவே உட்கார்ந்திருப்பார். நடிகரோடு சேர்ந்து பாடுவார், எடுத்துக் கொடுப்பார். அரக்கன் வாயே திறக்காமல் நிற்க, அவன் உள்ளே நடப்பதை ஆர்மோனியக்காரர் பாடட்டும். ஊரார் யாருக்கும் அந்தப் பாட்டு கேட்காது. சபைக்கு மட்டும் கேட்கும். புதிரும் போகாது, மனசும் தெரியும். நாடகத்தில் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு வரியை அவன் சொந்த வாயால் பாடட்டும். எந்த இடம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் எழுதுபவரின் சாமர்த்தியம்.

ராகத்தில் ஒரு யோசனை. குழந்தைக்கு மோகனம் கொடுங்கள். ஸ ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம், யாருக்கும் உடனே ஒட்டிக்கொள்ளும். அரக்கனுக்காகப் பாடும் குரல் தொடக்கத்தில் ஸவும் பவும் மட்டும் பிடிக்கட்டும். பிறகு ரி சேரட்டும். குழந்தையோடு இருக்கும்போது முழு மோகனமும் அவனுக்கு வந்துவிட வேண்டும். ஊர் அவனைக் கல்லால் அடித்த பிறகு அதே மெட்டை, அதே தாளத்தில், காந்தாரத்தை, அதாவது க-வை மட்டும் அரை ஸ்வரம் இறக்கிப் பாடச் சொல்லுங்கள். மோகனம் சிவரஞ்சனி ஆகிவிடும். ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டை தள்ளி விரலை வைக்கிற வேலை. ராகம் தெரியாதவருக்கும் என்னவோ முறிந்துவிட்டது என்று புரியும். ஒப்பனையில் எவ்வளவு செலவழித்தாலும் இந்த வேலை நடக்காது.

4. ஒரு காட்சியைப் பிரித்துப் பார்ப்போம்: நீர்க்கரை

படத்தில் சிறுமி ஒருத்தி பயமில்லாமல் அவனிடம் வந்து பூக் கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொரு பூவாகத் தண்ணீரில் போடுகிறார்கள். பூ மிதக்கிறது. பூ தீர்ந்துபோகிறது. அவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடுகிறான். போடுகிற துண்டை அன்றைக்குப் பல இடங்களில் வெட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது திரும்பச் சேர்ந்தது. வெட்டியதால் காட்சி இன்னும் கொடூரமானது. கை நீட்டியது வரை தெரியும். என்ன செய்தான் என்பதை அவரவர் மனசு போட்டுக்கொண்டது.

இதை நம் மேடையில் செய்வதானால் கண்மாய்க்கரை. சிறுமி எண்ணுப் பாட்டு பாடுகிறாள்:

ஒண்ணாம் பூ போட்டேன், ஓடமா மிதக்குது
ரெண்டாம் பூ போட்டேன், ரெட்டையா மிதக்குது
மூணாம் பூ போட்டேன், முன்னால மிதக்குது

ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் அவள் விட்டுவிட்டு அவனைப் பார்க்க வேண்டும். முதல் முறை ஆர்மோனியக்காரர் சொல்லட்டும். இரண்டாம் முறை அவன் உதடு அசையட்டும். மூன்றாம் முறை, நாடகத்திலேயே முதல் தடவையாக, அவனே பாடுகிறான்: “மிதக்குது.” சபை சிரிக்கும், கைதட்டும். தட்டட்டும், அந்தக் கைதட்டல் நமக்குத் தேவை.

நாலாம் பூவும் போகிறது. மிருதங்கம் நிற்காமல் அதே நடையைப் போட்டுக்கொண்டிருக்கிறது. சிறுமி வெறுங்கையை விரித்துச் சிரிக்கிறாள்: “அஞ்சாம் பூ இல்லையே.” தாளம் காலி இடத்துக்கு வருகிறது. அங்கே ஒரு சொல் விழ வேண்டும் என்று அவனுக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள். அவளைப் பார்த்தபடி பாடுகிறான்: “மிதக்குது.” விளக்கு அணைகிறது. தூக்குவதையும் போடுவதையும் காட்டவே வேண்டாம். பாட்டின் கணக்கே குழந்தையைக் கொன்றுவிட்டது. இசை நாடகமாக்கியதால் படத்தில் இல்லாத ஒன்று கிடைப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

இந்தச் சம்பவம் படத்துக்கே உரியது என்பதை மறக்க வேண்டாம். நாவலில் நடப்பது வேறு: ஆற்றில் விழுந்த பெண்ணை அவன் காப்பாற்றுகிறான், அதற்குப் பரிசாகத் துப்பாக்கிக் குண்டு வாங்குகிறான். மேடைக்குப் போகும் பிரதியில் நாவல் சம்பவத்தை வைத்துக்கொண்டு, மேலே சொன்ன தாள வித்தையை அதில் பொருத்துவது பத்திரமான வழி. கரையிலிருந்து அவள் பாடக் கற்றுக்கொடுத்த வரியை அவன் அவளைத் தூக்கி வரும்போது முணுமுணுக்கட்டும். பதிலாக வெடிச் சத்தம் தாளத்தில் விழட்டும்.

சிறுமி வேஷத்துக்குச் சின்ன உருவமுள்ள இளம் நடிகை ஒருவரைப் போடுங்கள். நள்ளிரவு வரை குழந்தையை விழிக்க வைத்து இந்தக் காட்சியில் நடிக்க வைப்பது முறையல்ல.

5. உறுமல்

1954-ல் வந்த ஜப்பானிய ‘காட்ஜில்லா’வின் கர்ஜனை எந்த மிருகத்தின் குரலும் அல்ல. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனைப்படி, டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து எடுத்த ஒலி. இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவு வந்தது நம் உறுமிதான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகல், மதுரைப் பக்கம் எந்தத் திருவிழாவிலும் நெஞ்சுக்குள் போய் இறங்கும்.

ரெக்கார்டு செய்த கர்ஜனையை ஸ்பீக்கரில் விடாதீர்கள். கீழ்ஸ்தாயி உறுமல் கூம்பு ஒலிபெருக்கியில் வெறும் கரகரப்பாகத்தான் வெளியே வரும். உறுமி மைக் இல்லாமலே பந்தல் கோடி வரை போகும். ஆல்ரவுண்ட் வாசிப்பவர், அதாவது பல தாளக் கருவிகளை வைத்துக் காட்சிக்கேற்ற ஓசை எழுப்புபவர் பக்கத்தில் உறுமிக்காரரை உட்கார வையுங்கள். அரக்கன் மூச்சு விடும்போதெல்லாம் ஒரு தேய்ப்பு.

ஒரு முக்கியமான கட்டுப்பாடு. உறுமி சாமியை அழைக்கிற வாத்தியம். அதன் அழைப்பு நடையை வாசித்தால் சபையில் யாருக்காவது அருள் வந்துவிடும். நாடகத்துக்காக அதைத் தூண்டுவது பெரிய தப்பு. தேய்ப்பு ஒலியை மட்டும் எடுங்கள், அடி நடையைத் தொடாதீர்கள். கோயில் முன்பு போடுகிற நாடகமானால் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். மிருதங்கத்தின் தொப்பியை விரலால் தேய்த்தே சமாளிக்கலாம்.

6. எங்கே பாட்டு, எங்கே மௌனம்

திகில் படங்கள் வேகமாகப் போகும். பாட்டு கதையை நிறுத்தும். துரத்துகிற காட்சியில் துரத்தப்படுகிறவர் நின்று பல்லவி, அனுபல்லவி பாடினால் பயம் செத்துவிடும். ஓட்டத்துக்குப் பாட்டு வேண்டாம், வாத்தியம் போதும். பாட்டைக் காத்திருப்புக்கு வையுங்கள்: கதவுக்கு வெளியே என்னவோ நிற்கிறது, உள்ளே தாய் தாலாட்டுகிறாள்.

ஆய்வுக்கூடத்தில் உயிர் வருகிற காட்சிக்குப் பலர் ஏகப்பட்ட உழைப்பைக் கொட்டுகிறார்கள். இடி, மின்னல், ஆல்ரவுண்ட், முடிந்தது. சுருக்கமாக வையுங்கள்.

அந்த உழைப்பைத் தகப்பன் வரும் காட்சிக்குக் கொடுங்கள். படத்தில் ஊர் முழுக்கக் கல்யாணக் கொண்டாட்டம். நடுவே ஒருவர் இறந்த மகளைக் கையில் ஏந்தி நடந்து வருகிறார். பார்க்கப் பார்க்க ஆட்டம் அடங்குகிறது. நம் மேடையில் இது நையாண்டி மேளத்தோடு தொடங்கட்டும். தகப்பன் சபைக்குப் பின்னாலிருந்து நடுப்பாதை வழியாக நடந்து வரட்டும். அவரைப் பார்க்கிற வரிசையில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நிற்கட்டும்: முதலில் தமுக்கு, அப்புறம் பம்பை, அப்புறம் ஒரு தவில், பிறகு இன்னொன்று. கடைசியில் ஒரு நாதஸ்வரக்காரர் மட்டும் எதையும் கவனிக்காமல் வாசித்துக்கொண்டிருப்பார். அவரும் திரும்பிப் பார்க்கிறார். ‘அரிச்சந்திரா’வில் மயான காண்டம் பார்த்து, சந்திரமதி புலம்பலுக்கு அழுது பழகிய சபை இது. குழந்தை சாவுக்கு ஒப்பாரியை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். உடனே கொடுக்காதீர்கள். தகப்பன் மேடை ஏறி, மகளைக் கிடத்தி, அவள் தலைமுடியைச் சரி செய்கிற வரை சத்தமே வேண்டாம். அப்புறம் ஒப்பாரி வரட்டும், அடக்காமல் வரட்டும்.

7. சிரிப்பு எப்படியும் வரும்

அரக்கனைப் பார்த்ததும் பின் வரிசை இளவட்டங்கள் சிரிப்பார்கள். அதைத் தடுக்க முடியாது. நாம்தான் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். நாடகத்தில் சிரிக்க வைக்கிற வேஷமான பபூன் அதற்குத்தான். அரக்கன் வருவதற்கு முன்னால் பபூன் தன் பயத்தை வைத்தே சபையைச் சிரிக்க வைக்கட்டும். அரக்கன் முதலில் வரும்போது பபூனும் மேடையில் இருக்கட்டும். அவ்வளவு நேரம் வாய் ஓயாதவர் திடீரென்று பேசாமல் நின்றாலே சபை அடங்கும். நீர்க்கரைக் காட்சிக்குப் பிறகு பபூன் அரக்கனைப் பற்றி ஒரு கிண்டல்கூட அடிக்கக் கூடாது. இதை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். கைதட்டல் கிடைக்கிற இடத்தில் பழைய ஜோக்கை இழுத்துவிடுவது அவர்களின் தொழில் பழக்கம்.

8. இப்போது உடம்பு

இவ்வளவும் ஆன பிறகு முகமூடிக்கு வாருங்கள். அதற்குள் எவ்வளவு குறைவாகத் தேவை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் காகிதக்கூழ் வேலையில் கை தேர்ந்தவர்கள். அவர்களிடம் நெற்றியிலிருந்து மூக்கு வரை மட்டும் வரும் அரை முகமூடி செய்யச் சொல்லுங்கள். வாயும் தாடையும் திறந்திருக்க வேண்டும். மூச்சுக்கும் அதுதான் வழி, அந்த ஒற்றைச் சொல்லுக்கும் அதுதான் வழி. கண் துளை இமையை ஒட்டி இருக்கட்டும், இல்லாவிட்டால் நடிகருக்கு மேடை விளிம்பு தெரியாது. உள்பக்கம் பருத்தித் துணி ஒட்டுங்கள். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் பந்தலுக்குள் முழு முகமூடியும் கம்பளி உடுப்புமாக ஒருவரை நிறுத்துவது ஆபத்து. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் முகமூடியைக் கழற்றித் தண்ணீர் கொடுக்க ஒருவர் காத்திருக்க வேண்டும். அதற்கேற்ப அவருடைய காட்சிகளுக்கு நடுவே இடைவெளி வைத்து எழுதுங்கள்.

உயரத்துக்குக் கட்டைச் செருப்பு ஓரளவு உதவும். அதைவிட நல்ல வழி, மேடைக் கதவை ஐந்தரை அடியில் கட்டுவது. எல்லோரும் நிமிர்ந்து நடக்கிற அந்தக் கதவில் அவன் மட்டும் குனிந்து நுழைந்தால் போதும். கூட நடிப்பவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கும்படி காட்சியை அமையுங்கள்.

வேஷத்தின் வலிமையைக் குறைத்து எடை போடவும் கூடாது. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், அதற்கு முன் எமன், சனீஸ்வரன், இரணியன் வேடங்களில் பேர் போனவர். அவர் வேஷத்தைப் பார்த்து அதிர்ந்ததில் கருவுற்ற பெண் ஒருவருக்குக் கரு கலைந்தது என்றும், அந்த வேதனையில் அவர் வேஷம் கட்டுவதையே விட்டார் என்றும் நாடகக்காரர்கள் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பொறுப்புணர்ச்சி நமக்கும் வேண்டும். நாடகம் தொடங்கும் முன் மைக்கில் சொல்லிவிடுங்கள். அரக்கனைச் சபைக்குள் இறக்கி ஓட விடாதீர்கள். முன் வரிசையில் பாய் விரித்துத் தூங்குகிற குழந்தைகள் இருப்பார்கள்.

9. மேடையும் நேரமும்

படம் காற்றாலை தீப்பிடித்து எரிவதில் முடியும். கீற்றுப் பந்தலில் நெருப்பு கூடவே கூடாது, பந்தம்கூட வேண்டாம். சிவப்புத் துணியும் கீழிருந்து ஒரு மின்விசிறியும் மஞ்சள் விளக்கும் போதும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு. விழாக் கமிட்டி அனுமதி வாங்கியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அரங்கத்துக்குள் போடுவதானால் இரண்டரை மணி நேரத்துக்குள் முடியுங்கள். ஊர்த் திருவிழாவுக்கானால் விடிய விடிய இழுக்கலாம். ஆனால் அரக்கனின் நேரத்தைக் கூட்டாதீர்கள், ஊராரின் கதையைக் கூட்டுங்கள்.

10. ஒத்திகை

இதுதான் மதுரையில் உண்மையான தடை. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைத் தனித்தனியாகத்தான் ஒப்பந்தம் செய்வோம். பல நேரம் அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதே மேடையில். ‘பவளக்கொடி’க்கு அது போதும், பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். புதுக் கதைக்குப் போதாது. மேலே சொன்ன தாளக் கணக்கெல்லாம் சேர்ந்து பழகினால்தான் வரும். திருவிழா இல்லாத மார்கழியில் ஒத்திகை வையுங்கள். ஒத்திகை நாளுக்கும் சம்பளம் கொடுங்கள். சும்மா வந்து பழகச் சொல்வது அநியாயம். அவர்கள் வரவும் மாட்டார்கள்.

முதல் சில நாள் ஆர்மோனியமும் மிருதங்கமும் மட்டும். அடுத்து பயப்படுகிறவர்கள். அரக்கனாக நடிப்பவர் அதற்கப்புறம் சேரட்டும், அதுவும் சாதாரண வேட்டி சட்டையில். வேட்டி சட்டையில் ஒருவர் நிற்கும்போதே கூடத்தில் இருப்பவர்களுக்கு வயிற்றைப் பிசைந்தால் நாடகம் தயார். பிசையவில்லை என்றால் முகமூடி காப்பாற்றாது. பாட்டுக்குத் திரும்பிப் போங்கள்.

11. நோட்டீஸ்

அரக்கனின் முகத்தை நோட்டீஸில் போடாதீர்கள். 1931 படத்தின் தொடக்கத்தில் அந்த வேடத்துக்கு நேராக நடிகர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறிதான் இருக்கும். கார்லாஃப் பெயர் படம் முடிந்த பிறகே வரும். நாமும் நடிகர்கள் படம் வரிசையாக வரும் நோட்டீஸில் அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விடலாம், ஆர்வம் தானாகக் கிளம்பும். ஆனால் நம் கலைஞருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைப்பதே நோட்டீஸில் உள்ள போட்டோவையும் ஊர்ப் பெயரையும் வைத்துத்தான். அதைப் பறிக்கக் கூடாது. ஊரார் வேடம் ஒன்றையும் அவருக்கே கொடுத்து, அந்தப் பெயரில் போட்டோவை அச்சடியுங்கள். மங்களம் பாடும்போது அவர் முகமூடி இல்லாமல் முன்னால் வந்து நிற்கட்டும். ஆர்மோனியக்காரர் மைக்கில் அவர் பெயரையும் ஊரையும் இரண்டு தடவை சொல்லட்டும், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி.